ஏவுகணைத் தடுப்பு: கேடயத்தைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்கள்?

“எதிரி ஏவும் ஏவுகணையை வானிலேயே தடுத்து அழிக்கும் கருவியை ஒரு நாடு தன் மண்ணில் நிறுவினால் அடுத்த நாடு ஏன் கூச்சல் போட வேண்டும்? வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறவனோடு ஊரில் யாராவது சண்டைக்கு வருவார்களா?” நம் சங்க நூலகத்தில் செய்தித்தாள் படிக்க வரும் அன்பர்கள் இந்தக் கேள்வியை என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

நான் ராணுவ நிபுணன் அல்லன். பொறியியலில் டிப்ளமா பெற்று, ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கருவியைப் பார்த்தாலும் “இது என்ன செய்யும்?” என்று கேட்பதோடு “எதிர் முனையில் இருப்பவன் இதை நம்பி என்ன செய்வான்?” என்றும் கேட்பது எங்கள் பிரிவின் வழக்கம். இந்த இரண்டாவது கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் ஏவுகணைத் தடுப்பு பற்றிய உலகச் சண்டைகள் ஓரளவு தெளிவாகும் என்பது என் எண்ணம்.

ஏவுகணையின் பயணம்

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் பயணத்தை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம். ராக்கெட் எரிந்து மேலே கிளம்பும் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் முதல் பகுதி. ராக்கெட் அணைந்த பிறகு, எறிந்த கல்லைப் போல வெடிமுனை மட்டும் வான்வெளியில் செல்லும் சுமார் இருபது நிமிடங்கள் இரண்டாம் பகுதி. மீண்டும் காற்று மண்டலத்துக்குள் புகுந்து இலக்கின் மேல் விழும் கடைசிச் சில கணங்கள் மூன்றாம் பகுதி. மொத்தம் அரை மணி நேரத்தில் 10,000 கி.மீ. கடந்துவிடும். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7 கி.மீ. சென்னையிலிருந்து டெல்லி வரை உள்ள சுமார் 2,180 கி.மீ. ரயில் தூரத்தை அந்த வேகத்தில் ஐந்தே கால் நிமிடத்தில் கடக்கலாம்.

இதைத் தடுக்க மூன்று பொருள்கள் வேண்டும். வருவதைத் தூரத்திலேயே காணும் ராடார் அல்லது செயற்கைக்கோள், பாதையைக் கணக்கிடும் கணினி, எதிரே சென்று மோதும் எதிர் ஏவுகணை. மூன்றிலும் கடினமான வேலை, நிஜத்தையும் போலியையும் பிரித்து அறிவது. காற்று இல்லாத வான்வெளியில் கனமான குண்டும் உலோகம் பூசிய வெறும் பலூனும் ஒரே வேகத்தில்தான் போகும். ஆகவே தாக்குகிறவன் ஒரு குண்டோடு பத்துப் பலூன்களையும் சேர்த்து அனுப்பலாம். அவனுக்குப் பலூன் மலிவு. தடுப்பவனுக்கோ ஒவ்வொரு எதிர் ஏவுகணையும் பெருஞ்செலவு.

ஒரு சிறு கணக்கு

பூட்டு உவமை ஏன் பொருந்தவில்லை என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். “அ” என்ற நாட்டிடமும் “ஆ” என்ற நாட்டிடமும் ஆளுக்கு 100 அணு ஏவுகணைகள் இருக்கின்றன. “ஆ”விடம் மட்டும் 20 ஏவுகணைகளைத் தடுக்கும் கேடயம் இருக்கிறது.

“அ” முதலில் தாக்கினால், வரும் 100இல் 20 தடுக்கப்பட்டாலும் 80 வந்து விழும். அப்போது கேடயத்தால் பெரிய பயன் இல்லை. மாறாக, “ஆ” முதலில் தாக்கி “அ”வின் 100இல் 90ஐத் தரையிலேயே அழித்துவிட்டால், பதிலடிக்கு வருபவை 10 மட்டுமே. அவை அத்தனையையும் 20க்கான கேடயம் தடுத்துவிடும்.

அதாவது, சிறிய கேடயம் அடி வாங்குகிறவனைக் காப்பாற்றுவதைவிட, முதலில் அடிக்கிறவனையே நன்றாகக் காப்பாற்றுகிறது. “ஆ”வுக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் “அ”வின் தளபதிகள் எண்ணத்தை எண்ண முடியாது. எண்ணிக்கையைத்தான் எண்ண முடியும். உடனே அவர்கள் 100ஐ 150 ஆக்குவார்கள், அல்லது ஒரே ஏவுகணையில் பல வெடிமுனைகளைப் பொருத்துவார்கள். “ஆ” அதைக் கண்டு கேடயத்தைப் பெரிதாக்கும். இரு கஜானாக்களும் காலியாகும். இரு நாட்டாரும் முன்பைவிட அதிகமாக அஞ்சுவார்கள்.

1967ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் கிளாஸ்பரோ என்னும் ஊரில் அதிபர் ஜான்சனும் சோவியத் பிரதமர் கோசிகினும் சந்தித்தபோது, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா ஏறக்குறைய இந்த வாதத்தைத்தான் எடுத்து வைத்தார். கோசிகினுக்குக் கோபம் வந்துவிட்டது. தற்காப்பு அறம், தாக்குதல்தான் அறமற்றது என்று பொருள்பட அவர் பதில் கூறினார். நம் நூலக அன்பர்களின் கேள்வியும் அதுதான்.

1972 உடன்படிக்கை

ஐந்தே ஆண்டுகளில் சோவியத் தரப்பும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. 1972 மே 26 அன்று மாஸ்கோவில் நிக்ஸனும் பிரஷ்னேவும் எதிர் ஏவுகணைகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொரு நாடும் இரண்டே இடங்களில், இடத்துக்கு 100 எதிர் ஏவுகணைகள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1974இல் அதுவும் ஓர் இடமாகக் குறைக்கப்பட்டது. சோவியத் யூனியன் மாஸ்கோவைத் தேர்ந்துகொண்டது. அமெரிக்கா வடக்கு டகோட்டாவில் தன் ஏவுகணைகள் நின்ற பகுதியைத் தேர்ந்தது. செலவுக்கேற்ற பயன் இல்லை என்று 1976இலேயே அதை மூடியும் விட்டது.

ரயில்வே அன்பர்களுக்கு ஓர் உவமை சொல்கிறேன். ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே வண்டி விட வேண்டுமானால், அந்தக் காலத்து டோக்கன் கருவியிலிருந்து இரும்புப் பந்து ஒன்றை எடுத்து டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அடுத்த நிலையத்து ஸ்டேஷன் மாஸ்டர் தன் கருவியை இயக்கி ஒப்புக்கொண்டால்தான் இந்தப் பக்கம் பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால் அது திரும்பச் சேரும்வரை இரு பக்கமும் இன்னொரு பந்து வராது. இரு மாஸ்டர்களும் ஒருவரை ஒருவர் நேசிக்க வேண்டும் என்பதில்லை. பல வருடம் பேச்சுவார்த்தையே இல்லாத மாஸ்டர்களையும் நான் அறிவேன். வண்டிகள் மோதவில்லை. கருவி மனிதனின் நல்லெண்ணத்தை நம்பி அமைக்கப்படவில்லை. அவன் செய்ததைச் சரிபார்த்து அமைக்கப்பட்டது.

1972 உடன்படிக்கையும் அப்படித்தான். ஒருவர் செய்வதை மற்றவர் செயற்கைக்கோள் மூலம் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு இடையூறு செய்யக்கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். எண்ணிக்கை, இடம் ஆகிய இரண்டும் வானிலிருந்து எண்ணக்கூடியவை.

சைபீரியாவில் ஒரு ராடார்

அந்த உடன்படிக்கையில் நான் மிகவும் ரசித்த விதி ஒன்று உண்டு. இனிக் கட்டும் முன்னெச்சரிக்கை ராடார்கள் நாட்டின் எல்லையோரத்தில், வெளிப்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். காரணம் எளிது. எல்லையில் நின்று வெளியே பார்க்கும் ராடார் வருவதை அறிவிக்கும் காவல்காரன். நாட்டின் நடுவில் நிற்கும் ராடார் எதிர் ஏவுகணைகளுக்கு வழிகாட்டவும் உதவும். கருவி ஒன்றே, நிற்கும் இடமும் பார்க்கும் திசையும் அதன் பொருளை மாற்றிவிடுகின்றன.

1983இல் சைபீரியாவில் கிராஸ்னயார்ஸ்க் பகுதியில் ஒரு பெரிய ராடார் எழும்புவதை அமெரிக்கச் செயற்கைக்கோள் கண்டது. எல்லையிலிருந்து பல நூறு கி.மீ. உள்ளே இருந்த அது சைபீரிய நிலப்பரப்பின் மேல் வடகிழக்கு நோக்கி நின்றது. விண்வெளிப் பொருள்களைக் கவனிக்கவே கட்டுகிறோம் என்றது மாஸ்கோ. அமெரிக்கா கிரீன்லாந்திலும் இங்கிலாந்திலும் தன் ராடார்களைப் புதுப்பிப்பது மட்டும் விதிப்படியானதா என்று எதிர்க்கேள்வியும் போட்டது. ஆறு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1987இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களை அழைத்து ராடாரைக் காட்டினார்கள். 1989 அக்டோபரில் சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்சே, அது விதிமீறல்தான் என்று தம் நாட்டு மன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். ராடாரைப் பிரித்துவிட முடிவாயிற்று.

ஒரு குண்டுகூட வெடிக்காமல் இரண்டு வல்லரசுகளுக்கு இடையே இந்த வழக்குத் தீர்ந்தது. அதற்கு எழுத்தில் இருந்த ஒரு விதியும், அதை மீறினால் வானிலிருந்து தெரியும் என்ற நிலையும் காரணம். இதற்கு நடுவில்தான் 1983 மார்ச்சில் ரீகன் தம் “நட்சத்திரப் போர்” திட்டத்தை அறிவித்ததும், 1986இல் ரெய்க்யாவிக் நகரில் அவரும் கோர்பச்சேவும் அணு ஆயுதங்களைப் பெருமளவு ஒழிக்கும் தறுவாய்க்கு வந்து, அத்திட்டத்தின் சோதனைகளை ஆய்வுக்கூடத்துக்குள் நிறுத்துவதா என்ற ஒரே பிரச்சினையில் வெறுங்கையோடு பிரிந்ததும் நடந்தன.

உடன்படிக்கை போன பிறகு

2001 டிசம்பர் 13 அன்று அதிபர் புஷ் உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். ஆறு மாத நோட்டீஸ் முடிந்து 2002 ஜூன் 13இல் அது மறைந்தது. மறுநாளே ரஷ்யா, பல வெடிமுனை கொண்ட தரை ஏவுகணைகளைத் தடைசெய்யும் இன்னோர் ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது. அமெரிக்கா அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் எதிர் ஏவுகணைகளை நிறுவியது; 2017இல் அவை 44 ஆயின. வடகொரியா போன்ற சிறு எதிரிகளுக்காகவே என்றது அமெரிக்கா. 2018 மார்ச் 1 அன்று புடின், எந்தக் கேடயத்தையும் தாண்டக்கூடியவை என்று சொல்லிப் புதிய ஆயுதங்களின் பட்டியலை வெளியிட்டபோது, 2002 விலகலையே காரணமாகக் காட்டினார்.

ஐரோப்பாவில் ருமேனியாவின் தேவசேலு தளம் 2016இலும், போலந்தின் ரெட்ஸிகோவோ தளம் 2024இலும் பணிக்கு வந்தன. ஈரானின் ஏவுகணைகளைத் தடுக்கவே இவை என்பது அமெரிக்காவின் விளக்கம். ரஷ்யாவின் முக்கிய வாதம் வேறு. அங்குள்ள செலுத்துக் குழாய்கள் அமெரிக்கக் கப்பல்களில் டோமஹாக் தாக்குதல் ஏவுகணையைச் செலுத்தும் குழாய்களின் இனம். இன்று உள்ளே எதிர் ஏவுகணை இருக்கிறது, நாளை டோமஹாக் இருந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்பது. அதற்கான மென்பொருளும் இணைப்புகளும் அங்கே இல்லை என்றது அமெரிக்கா. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு ஸ்பானிய நாளிதழ் வெளியிட்ட அமெரிக்கப் பதில் கடிதத்தில், இரு தளங்களிலும் டோமஹாக் இல்லை என்பதை ரஷ்யா சரிபார்க்க ஓர் ஏற்பாடு பற்றிப் பேசத் தயார் என்று இருந்தது. சரியான மருந்துதான். ஆனால் அதே மாதம் 24ஆம் தேதி ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

முலாம்பழ ஊரில் வந்த வினை

தென்கொரியாவில் சோங்ஜு என்றொரு மாவட்டம், மஞ்சள் முலாம்பழத்துக்குப் பேர் போனது. வடகொரியாவின் ஏவுகணைகளைத் தடுக்க “தாட்” என்னும் அமெரிக்க அமைப்பை நிறுவ 2016 ஜூலையில் இரு அரசுகளும் முடிவு செய்தபோது தேர்ந்த இடம் அதுதான். ராடார் கதிரால் உடலுக்கும் பயிருக்கும் கேடு வரும் என்று அஞ்சி ஊர் மக்கள் வீதிக்கு வந்தார்கள். பிறகு அதே மாவட்டத்தில், லோட்டே நிறுவனத்தின் கோல்ஃப் மைதானத்தை மாற்று நிலம் கொடுத்து அரசு வாங்கியது. 2017இல் அமைப்பு அங்கே வந்தது.

சீனாவின் எதிர்ப்பு எதிர் ஏவுகணைகளைவிட அந்த ராடாரின் மேல்தான். அந்த ராடாரை இருவகையில் இயக்கலாம். ஒன்று, அருகில் வந்து விழப்போவதைக் குறிபார்ப்பது; மற்றது, வெகு தூரத்தில் கிளம்புவதைக் கண்டு மற்றவர்களுக்குச் செய்தி தருவது. முதல் வகையில்தான் இயக்குவோம் என்றது தென்கொரியா. இரண்டாம் வகைக்கு மாற்றினால் சீனாவுக்குள் எட்டிப் பார்க்குமே என்றது சீனா. எந்த வகையில் இயங்குகிறது என்பது செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. கிராஸ்னயார்ஸ்க் ராடாரின் திசை தெரிந்தது. இங்கே திசை தெரிகிறது, வேலை தெரியவில்லை.

விதியும் சோதனையும் இல்லாத இடத்தில் வழக்கு வியாபாரத்தின் மேல் திரும்பியது. சீனாவில் இருந்த லோட்டே கடைகளில் பெரும்பாலானவை தீ பாதுகாப்பு விதி முதலிய காரணங்கள் காட்டி மூடப்பட்டன. சுற்றுலாக் குழுக்கள் நிறுத்தப்பட்டன. தென்கொரியாவுக்கு 2016இல் வந்த சீனப் பயணிகள் சுமார் 80 லட்சம் பேர். 2017இல் சுமார் 42 லட்சம். 2017 அக்டோபர் 31இல் இரு அரசுகளும் உறவைச் சீராக்க ஒத்துக்கொண்டன. ராடார் அங்கேயேதான் இருக்கிறது.

கேடயம் வேலை செய்கிறதா?

இவ்வளவு சண்டைக்கும் காரணமான கருவி எவ்வளவு நம்பகமானது? 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளைத் தடுத்த “பேட்ரியாட்” கருவியைப் பற்றி அமெரிக்க அதிபரே வெற்றி முழக்கம் செய்தார். 42இல் 41 தடுக்கப்பட்டது என்றார். அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தணிக்கைத் துறை ஆராய்ந்தபோது, வெடிமுனை அழிந்ததற்கு வலுவான சான்று சுமார் நூற்றுக்கு ஒன்பதில்தான் கிடைத்தது.

1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்ததைப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கிருந்த பேட்ரியாட் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்பதைக் கணினியின் இரும எண்களில் முழுமையாக எழுத முடியாது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிப் பாதியில் நிறுத்துவது போலத்தான். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் 0.000000095 வினாடி பிசகு. கருவி நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடியிருந்தது. 100 மணி என்றால் 36 லட்சம் எண்ணிக்கை. பெருக்கிப் பார்த்தால் பிசகு 0.34 வினாடி. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ராடார் தவறான இடத்தில் தேடியது. ஏவுகணை ராணுவக் குடியிருப்பில் விழுந்து 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

நம் ரயில்வேயில் தினமும் மாலை 16 மணிக்கு எல்லா நிலையங்களுக்கும் சரியான நேரம் அனுப்பிக் கடிகாரங்களைத் திருத்தும் வழக்கம் உண்டு. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்கள் இதைச் சடங்கு என்று கேலி செய்வார்கள். அவர்களுக்குச் சொல்ல தஹ்ரானைவிட நல்ல பாடம் இல்லை.

இங்கேதான் முக்கியமான முரண் இருக்கிறது. கேடயம் வைத்திருப்பவன் அது எத்தனை முறை தவறும் என்று கவலைப்பட வேண்டும். எதிரே இருப்பவனோ அது ஒருமுறையும் தவறாது என்று வைத்துத் தன் ஆயுதங்களைக் கணக்கிட வேண்டும். எனவே அரைகுறையாக வேலை செய்யும் கேடயமும் முழு அளவு ஆயுதப் போட்டியைக் கிளப்பிவிடுகிறது.

நம் நாட்டின் நிலை

இந்தியா 2006 நவம்பரில் பிருத்வியை அடிப்படையாகக் கொண்ட எதிர் ஏவுகணையையும், 2007 டிசம்பரில் தாழ்ந்த உயரத்தில் தடுக்கும் இன்னொன்றையும் சோதித்தது. 2018 அக்டோபரில் ரஷ்யாவிடமிருந்து ஐந்து எஸ்-400 தொகுதிகளைச் சுமார் 543 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அதே எஸ்-400ஐ வாங்கிய துருக்கி மேல் அமெரிக்கா 2020 டிசம்பரில் தடை விதித்தது; நம் மேல் விதிக்கவில்லை. நமக்குப் பக்கத்திலேயே அணு ஆயுதம் வைத்த இரு நாடுகள் இருக்கும்போது வான்காப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் கணக்கு நம்மையும் விடாது. 2017 ஜனவரியில் பாகிஸ்தான் பல வெடிமுனை தாங்கும் “அபாபீல்” ஏவுகணையைச் சோதித்தபோது, இப்பகுதியில் வளர்ந்துவரும் ஏவுகணைத் தடுப்பே அதற்குக் காரணம் என்று அந்நாட்டு ராணுவம் அறிவித்தது. 2024 மார்ச்சில் நாமும் பல வெடிமுனை கொண்ட அக்னி-5ஐச் சோதித்தோம். டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையே ஏவுகணைக்கு வேண்டிய நேரம் சில நிமிடங்களே. யோசிக்கவும் தொலைபேசி எடுக்கவும் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இருக்கும் அரை மணி நமக்கு இல்லை.

நமக்கு நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 1988 டிசம்பர் 31இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதி பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போர் நடந்த 1999ஐ அடுத்தும் அது நிற்கவில்லை. தரையிலிருந்தும் கடலிலிருந்தும் ஏவி நிலத்தைத் தாக்கும் பாலிஸ்டிக் ஏவுகணைகளைச் சோதிக்குமுன் தெரிவிக்க 2005 அக்டோபரில் இன்னோர் ஒப்பந்தம் ஆயிற்று. எதிர் ஏவுகணைச் சோதனை அதில் சேரவில்லை. அதையும் சேர்த்துக்கொள்வதால் எந்த நாட்டின் ரகசியமும் வெளியே போய்விடாது. வானில் திடீரென்று ஒரு புள்ளியைப் பார்க்கும் ராடார்காரனுக்கு, அது சோதனைதான் என்ற ஒரு வரிச் செய்தி முன்கூட்டியே கையில் இருப்பது பெரிய காரியம்.

2025இல் அமெரிக்கா “தங்கக் கூடாரம்” என்ற பொருளில் ஒரு புதிய திட்டத்தை அறிவித்தது. விண்வெளியிலேயே எதிர் ஏவுகணைகளை வைப்பது அதில் ஓர் அம்சம். மே மாதம் சொன்ன செலவு 17,500 கோடி டாலர். ரஷ்யாவும் சீனாவும் அதே மாதம் கூட்டறிக்கையில் அதைக் கண்டித்தன. ஆகவே இவ்வகைச் செய்திகள் இன்னும் பல ஆண்டுகள் வரும்.

அவற்றைப் படிக்கும்போது அன்பர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். கேடயம் எத்தனை ஏவுகணைகளைத் தடுக்கும், எதிராளியிடம் எத்தனை இருக்கின்றன? ராடார் எங்கே நிற்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது? அதைச் சென்று பார்க்க எதிர்த் தரப்புக்கு வழி இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு “இல்லை” என்பது பதிலானால், இரு பக்கமும் எத்தனை உறுதிமொழி தந்தாலும் அந்த வழக்கு அவ்வளவு எளிதில் முடியாது.